பால் எது, பரல் எது?

என் மேஜைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு 2025 அக்டோபர் 14-ம் தேதி திடீரென்று வயதாகிவிட்டது. முந்தைய நாள் வரை இளமையாகத்தான் இருந்தது. ஒரு திருகுகூடக் கழலவில்லை. அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். 2015 ஜூலையில் வெளிவந்த மென்பொருள் அது. வேண்டுபவர்கள் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. அதற்குப் பிறகு விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும், இல்லையென்றால் அவரவர் பாடு. மாறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். அங்கீகரித்த பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். 2014-ல் நான் வாங்கிய பெட்டியில் இரண்டும் இல்லை.

வீட்டில் தீர்மானம் விவாதமின்றி நிறைவேறியது. "பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. கபாடிவாலாகிட்ட போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார் மனைவி. மயூர் விஹாரில் எங்கள் தெருவுக்கு வரும் கபாடிவாலா, பெட்டியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பழைய செய்தித்தாளுக்குக் கொடுக்கும் மரியாதையைக்கூட அதற்குக் கொடுக்கவில்லை. "உள்ளே என்ன சாப் இருக்கிறது, வெறும் தகரம்" என்றார். அப்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது எனக்கு.

கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிய பெட்டி வாங்கும்போது பழையதில் இருந்ததையெல்லாம் அப்படியே மூட்டை கட்டி இதற்குள் போட்டுவிடுவார்கள். பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டிகள் மாதிரி, திறக்காமலேயே வீடு மாறிக்கொண்டிருக்கும். என் மூட்டைகளில் ஒன்றின் பெயர் 'சார்'. உள்ளே ஒரே ஒரு கோப்பு. 2004-ல் என் பேராசிரியர் மின்னஞ்சலில் அனுப்பியது. திறந்தேன். திரை முழுக்கப் பின்னக் குறிகள், தலையில் கொம்பு வைத்த பிரெஞ்சு எழுத்துகள், பவுண்டு அடையாளம், கேள்விக்குறிகள். தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை.

எம்.ஏ. படித்த நாட்களில் எனக்கு இலக்கணம் நடத்தியவர் அவர். இலக்கணத்தைவிட அவருக்குப் பிடித்தது பஸ் பயணம். சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து ஏதாவது ஒரு டவுன் பஸ் ஏறிக் கிராமத்துக்குப் போய்விடுவார். கண்மாய்க் கரையில், களத்து மேட்டில், கொல்லன் பட்டறையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். காதில் விழும் சொல்லைச் சட்டைப் பையில் இருக்கும் அட்டையில் குறித்துக்கொள்வார். அவருடைய கட்சி எளிமையானது: ஒரு பொருளைக் கையாளுகிறவன் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பான். அவனைக் கேட்காமல் அறைக்குள் உட்கார்ந்து கலைச்சொல் உண்டாக்குவது வீண் வேலை.

2000-ல் ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பக்கத்துத் தெரு டி.டி.பி. சென்டரில் இருந்த எழுத்துருவை அதில் ஏற்றித் தந்தார்கள். இரண்டு விரல்களால் அட்டைகளைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். 2011-ல் காலமானார். அகராதி அச்சாகவில்லை.

அவர் மனைவிக்குப் போன் செய்தேன். "அம்மா, சாரோட அகராதி எங்கயாவது அச்செடுத்து வச்சிருக்காரா?" என்று கேட்டேன். "தாளா ஏதும் இல்ல தம்பி. அட்டையெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு. ஒரு பிஸ்கட் டப்பாவுல சதுரம் சதுரமா பிளாஸ்டிக் இருக்கு. உங்க சார் அதைத் தொட விடமாட்டாரு" என்றார். கூரியரில் வந்து சேர்ந்தது டப்பா. பதினொரு ஃபிளாப்பிகள். அடியில் 2005-ம் வருட டைரி ஒன்று.

இளம் வாசகர்களுக்காக: ஃபிளாப்பி என்பது உள்ளங்கை அளவு காந்தத் தகடு. கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே இரண்டு மூன்று ஃபிளாப்பி வேண்டியிருக்கும். ஆனால் எழுத்துக்கு அது பெரிய இடம். ஒரு தடித்த நாவல் தாராளமாக உட்காரும். ஜப்பானில் சோனி நிறுவனம் 2011-ல் அதன் விற்பனையை முடித்துக்கொண்டது. ஃபிளாப்பியைப் படிக்கும் கருவி தேடி நேரு பிளேஸ் போனேன். மூன்று கடைகளில் சிரித்தார்கள். நான்காவது கடையில் ஏணி போட்டு மேலே ஏறினார்கள்.

பதினொன்றில் ஏழு திறந்தது. நான்கில் பூஞ்சை. ஒவ்வொன்றின் மீதும் பேராசிரியரின் பொடிக் கையெழுத்தில் தலைப்பு இருந்தது: நீர், வயல், மாடு, வீடு, பட்டறை... பூஞ்சை பிடித்த நான்கில் மூன்று வெறும் பிரதிகள். நான்காவதுக்குப் பிரதி இல்லை. அதன் தலைப்பு: தறி.

திறந்த ஏழும் அதே பிரெஞ்சுக் கொம்புகளைத்தான் காட்டின.

இது ஏன் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு எழுத்துகளை வைக்க மொத்தம் 256 அறைகள். முதல் 128 ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் கட்டளைகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. மிச்சம் 128. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. கிரந்தம் தனி. எனவே கொம்பு, கால், சங்கிலிக் கொம்பு என்று எழுத்தைத் துண்டு துண்டாக்கி அறைகளில் வைத்தார்கள். எந்தத் துண்டு எந்த அறையில் என்பது எழுத்துரு தயாரித்தவரின் விருப்பம். சிலர் ஆங்கிலத்தையே காலி செய்துவிட்டுத் தமிழைக் குடிவைத்தார்கள். ஒருவர் வீட்டுப் பூட்டு இன்னொருவர் சாவிக்குத் திறக்காது. பேராசிரியரின் எழுத்துரு இப்போது எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை. செய்த கடையும் இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99. அதன் விளைவாகத் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. பல நாடுகளில் இருந்த தமிழ்க் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கி என்ற முறையை உருவாக்கினார்கள். திஸ்கியில் எழுதிய 'தமிழ்' என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் திறந்தால் முக்கால் என்ற பின்னக் குறியில் ஆரம்பிக்கும்; நடுவில் அமெரிக்க சென்ட் குறி வரும். முக்காலும் காசும்! தமிழ்ப் பதிப்பாளர்களின் நிலைமையை அது சரியாகத்தான் சொன்னது என்று அப்போது நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

இன்னொரு பக்கம், உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தது. தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில். கூடவே டேஸ் 16 என்ற தமிழுக்கான 16 பிட் முறையையும். யூனிகோடு தமிழுக்கு நியாயமாக நடந்துகொண்டதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 'தமிழ்' என்று நாம் பார்ப்பது மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து. இணையத்தில் சேமிக்கும் வழக்கமான முறையில் அது 15 பைட். அதே சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தே பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு எஸ்.எம்.எஸ்., தமிழில் 70-க்குள் முடிந்துவிடும், அதுவும் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணி. குறைகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தில்லியில் நான் எழுதுவதைத் திருநெல்வேலியிலும் டொரன்டோவிலும் எழுத்துரு கேட்காமல் படிக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காக மற்ற குறைகளை மன்னிக்கலாம் என்பது என் கட்சி.

தமிழுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை இது. இந்திக்குக் கிருதி தேவ் என்ற எழுத்துரு. பல மாநிலத் தட்டச்சுத் தேர்வுகளில் அது ஆண்டுக்கணக்கில் கோலோச்சியது. எங்கள் மாடியில் இருக்கும் பிகார்க்காரர், தன் அப்பா எழுதிய நிலத் தகராறு மனுக்களைத் திறக்க முடியாமல் என்னிடம் ஒருமுறை கொண்டுவந்தார். தேவநாகரி எழுத்துரு போனதும் அவருடைய அப்பாவும் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தார்.

சரி, சாவி தொலைந்த பூட்டை எப்படித் திறப்பது? டைரிதான் கைகொடுத்தது. அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் எடுத்த 'நீர்' பகுதியின் ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் அச்சிட்ட தமிழ், இன்னொரு பக்கத்தில் திரையில் கொம்புகள். ஒப்பிட ஆரம்பித்தேன். 'கடைமடை' என்ற சொல்தான் முதலில் மாட்டியது. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அதைத் துண்டாக்கினால் க, பிறகு சங்கிலிக் கொம்பு, ட, பிறகு ம, மறுபடி சங்கிலிக் கொம்பு, ட. ஆறு குறிகள், இரண்டாவதும் ஐந்தாவதும் ஒன்று, மூன்றாவதும் ஆறாவதும் ஒன்று. அப்படி ஒரு ஆறு குறிக் கூட்டம் திரையில் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. நான்கு அறைகளின் சாவி கிடைத்துவிட்டது. அடுத்து மதகு, கலிங்கு, கண்மாய். விடிவதற்குள் பாதி எழுத்துகள் வந்துவிட்டன.

மறுநாள் இரவு மிச்சம். பழைய எழுத்துருக்களில் கொம்பு முதலில் வரும், எழுத்து பின்னால் வரும். கையால் எழுதுவது போல. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால்; உச்சரிப்பது போல. 'கொ' என்பது பழைய முறையில் கொம்பு, க, கால் என்று மூன்று குறி. யூனிகோடில் க-வும் ஒகரக் குறியும் மட்டும். இதையெல்லாம் இடம் மாற்றிப் போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். பொத்தானை அழுத்தியதும் பேராசிரியர் பேச ஆரம்பித்தார்.

ஆனால் கொஞ்சம் திக்கித் திக்கி. 'கண்மரய்' என்றார். 'வரய்க்கரல்' என்றார். காலுக்கும் ரகரத்துக்கும் இரண்டு தனி அறைகள் இருந்தும், திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால் கைக்கு வந்ததைத் தட்டியிருக்கிறார். அச்சிட்டால் கண் வேறுபாடு காணாது. கம்ப்யூட்டருக்கோ அது முற்றிலும் வேறு எழுத்து. 'கண்மரய்' என்றால் கண்மாய் என்று யாருக்கும் தெரியும். ஆனால் 'நெல்லில் பால் பிடித்தது' என்ற இடத்திலும், கூழாங்கல் நிறைந்த மண்ணைச் சொல்லும் 'பரல்' என்ற இடத்திலும் அவர் தட்டியது ஒரே எழுத்துகளைத்தான். பால் எது, பரல் எது? நிரல் திகைத்து நின்றது. வரி வரியாக நானே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் திண்டாட்டம் எங்கேயோ கேட்டதாக இருக்கும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒரே கோடு. உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பட்ட பாட்டில் பெரும்பாடு இதுதான். பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டு, இடம் பார்த்து, பொருள் பார்த்து, ஒவ்வொரு கோட்டையும் காலா ரகரமா என்று முடிவு கட்டினார். அச்சுக் கோத்ததும் சங்கடம் தீர்ந்தது என்று நினைத்தோம். நூறு வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் அதை வட்டியோடு திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டது. ஒரு வித்தியாசம்: நல்ல ஓலை இருநூறு முந்நூறு வருடம் தாங்கும், அதைப் படிக்கக் கண் மட்டும் போதும். பேராசிரியரின் ஃபிளாப்பிக்கு இருபது வருடத்தில் கருவி, எழுத்துரு, சாவி மூன்றும் போய்விட்டன.

இதில் ஊரார் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இப்போது எல்லாரும் பேசும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் நேரடியான சம்பந்தம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பு எனக்குச் சோறு போடும் தொழில். கூகுளின் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011-ல். அப்போது அது எழுதியதைப் படித்து அலுவலகத்தில் வயிறு குலுங்கச் சிரித்தோம். நாடாளுமன்றச் செய்தியில் 'அவை ஒத்திவைக்கப்பட்டது' என்று வர வேண்டிய இடத்தில் வீட்டை ஒத்திவைத்தது. 2017-ல் நரம்பு வலைப்பின்னல் முறை வந்ததும் சிரிப்பு குறைந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சிரிப்பு நின்றது. மத்திய அரசு 2022 ஜூலையில் பாஷினி திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2023-ல் அட்டவணை மொழிகள் 22-க்கும் மொழிபெயர்க்கும் மாதிரியை வெளியிட்டது. இன்று எனக்கு வரும் வேலைகளில் பாதி, இயந்திரம் மொழிபெயர்த்தது. "கொஞ்சம் பார்த்துக் கொடுத்தாப் போதும் சார்" என்கிறார்கள். பார்ப்பதற்குப் பாதிக் கூலி.

எனக்கு இயந்திரத்தின் மேல் கோபம் இல்லை. வறட்டு அறிக்கைகளை அது செய்யட்டும். நானும் முதல் வரைவுக்கு அதைப் பயன்படுத்துகிறேன். கேள்வி வேறு. அது எதைப் படித்துத் தமிழ் கற்றது? கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆசிரியர் அதற்குத் தமிழ் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டரால் படிக்க முடிகிற தமிழைப் படித்துக் கற்றது. அதாவது பெரும்பாலும் யூனிகோடில் இருப்பது: செய்தித் தளங்கள், 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, சினிமா பேச்சு, சண்டை. பழைய எழுத்துருக்களில் பூட்டிக் கிடப்பது அதற்கும் எனக்குத் தெரிந்தது போலக் கொம்பும் பவுண்டுமாகத்தான் தெரியும்.

பேராசிரியரின் அகராதியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துச் சோதித்தேன். கண்மாய் நீரைப் பங்கிட்டு மடை திறந்து விடும் ஊழியருக்குத் தென்மாவட்டங்களில் நீர்க்கட்டி என்று பெயர். நிலத்துக்கு நிலம் யாருக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று தீர்மானிக்கும் ஆள். தீர்ப்பில் தவறினால் ஊரில் வெட்டுக்குத்து. 'நீர்க்கட்டி மடையைத் திறந்தார்' என்ற வாக்கியத்தை இயந்திரத்திடம் கொடுத்தேன். டாக்டர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் நீர்க்கட்டி, மடையைத் திறந்துவிட்டதாக ஆங்கிலத்தில் எழுதித் தந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

தவறு இயந்திரத்துடையது அல்ல. இணையத் தமிழில் நீர்க்கட்டி என்றால் வயிற்றில் வருவதுதான். கண்மாயில் இருப்பவர் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறார். நாளைக்கு நீர்ப்பாசன அறிக்கை ஒன்றை இயந்திரம் மொழிபெயர்க்கும். உபரி நீர் வழிந்தோடும் அமைப்பு என்று நீட்டி முழக்கும். கலிங்கு என்று இரண்டு அசையில் ஒரு சொல் இருப்பது அதற்குத் தெரியாவிட்டால், அதைப் படித்து வளரும் இன்ஜினீயருக்கும் தெரியாது. ராமநாதபுரத்தில் கண்மாய், செங்கல்பட்டில் ஏரி, திருநெல்வேலியில் குளம் என்று ஊருக்கு ஊர் மாறும் பெயர்கள் மெல்ல ஒரே பெயராகச் சுருங்கும். எந்தச் சட்டமும் போடாமல், யாரும் தடை செய்யாமல், கோப்பு திறக்கவில்லை என்ற ஒரே காரணத்தால்.

பேராசிரியர் ஒருவரோடு இது முடியவில்லை. கம்ப்யூட்டரில் அச்சுக் கோக்க ஆரம்பித்த நாளிலிருந்து பல ஆண்டுகள் தமிழில் வந்த புத்தகங்களில், சிறுபத்திரிகைகளில், ஆய்வேடுகளில் பெரும்பங்கு இப்படித் தனியார் பூட்டுகளுக்குள்தான் தயாரானது. பக்கம் வடிவமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. அச்சிட்ட பிரதி நூலகத்தில் இருக்கலாம். கோப்பு பதிப்பகத்தின் ஏதோ ஒரு மூலையில், கபாடிவாலாவுக்காகக் காத்திருக்கும் ஒரு பெட்டியில் இருக்கும்.

மீட்க முடியாதா? முடியும். 1998 பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை முதலில் அன்றைய எழுத்துருக்களில் ஏற்றினார்கள். பிறகு திஸ்கிக்கு மாற்றினார்கள். பிறகு யூனிகோடுக்கு. கூலி வாங்காதவர்கள், வீடு மாறும்போதெல்லாம் நூல்களை ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். டிரங்குப் பெட்டியைத் திறக்காமலேயே தூக்கிக்கொண்டு திரிந்த என்னைப் போன்றவர்களுக்கு அது பாடம்.

எனவே இந்த வாரம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனோடு உட்காருங்கள். அப்பா எழுதிய தல வரலாறு, தாத்தா தட்டச்சு செய்த குடும்ப மரம், நீங்கள் பாதியில் விட்ட ஆய்வேடு, எதுவாக இருந்தாலும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பரவலாகப் பயன்பட்ட எழுத்துருக்களுக்கு இலவச மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு காலையும் ரகரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். அப்படியே ஒளவையையும்: ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியிருந்தால் தேடும்போது ஔவையார் கிடைக்க மாட்டார். அலங்காரம் இல்லாத வெறும் உரைக் கோப்பாக ஒரு பிரதி வையுங்கள். கடைசியாக, காகிதத்தில் ஒரு பிரதி. கம்ப்யூட்டர் பித்தன் இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் என் பேராசிரியரைக் காப்பாற்றியது நான்காக மடித்த ஒரு தாள்.

என் பெட்டியை நான் கபாடிவாலாவிடம் கொடுக்கவில்லை. லினக்ஸ் ஏற்றிவிட்டேன். டிபிஎம் சில்லைப் பற்றி அது கேட்கவில்லை. பத்து வயது குறைந்ததுபோல ஓடுகிறது. மனைவி நம்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மீட்டெடுத்த சொற்களை அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு மதுரைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அம்மாவிடமிருந்து போன். முழுக்கப் படித்திருந்தார். இரண்டு இடத்தில் ரகரம் தப்பு என்றார். பிறகு, "தறி எங்க தம்பி? அதைக் காணோமே" என்றார்.

பூஞ்சை பிடித்துவிட்டது அம்மா, ஒன்றும் எடுக்க முடியவில்லை என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. எப்படி ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க சாருக்கு அதெல்லாம் யாரு சொன்னதுங்கறீங்க? எங்கப்பா செல்லூர்ல தறி போட்டவரு. அவர்கிட்ட கேட்டுக் கேட்டு எழுதுனதுதானே. எனக்குத் தார் சுத்தத் தெரியும் தம்பி, ஏழு வயசுல சுத்தியிருக்கேன். எழுதிக்கிறீங்களா?"

அவருக்கு வயது 78. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரைக்குப் போன் போடுகிறேன். பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, படமரம். அவர் சொல்லச் சொல்ல யூனிகோடில் தட்டுகிறேன். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அது தறியில் எந்த இடம், எப்படிக் கை வைக்க வேண்டும் என்று விளக்குகிறார். நடுவில் அவர் அப்பா கதை வருகிறது, அதையும் தட்டிவிடுகிறேன். போன ஞாயிறு 62-ல் நிறுத்தினோம். அம்மாவுக்கு இருமல். மிச்சம் அடுத்த வாரம்.